கம்பவுண்டரின் சட்டை

நம் வகுப்புக் குழுவில் பதினோரு நாட்களாக நான் மட்டும் பதில் எழுதவில்லை. உங்களுக்கும் அது தெரியும். பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு செய்கிறார்கள், பழைய மாணவிகள் ஆளுக்கொரு பிள்ளையை மாதம் ஒரு சனிக்கிழமை தாம் வேலை பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும், என்ன வேலைக்கெல்லாம் போகலாம் என்று அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நம் வகுப்புத் தலைவி எழுதியதும், இருபத்தாறு பேர் உடனே சம்மதம் சொன்னீர்கள். பட்டியலில் என் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. அதற்கடுத்த நாள் தலைவி எனக்குத் தனியாக இன்னொன்றும் எழுதினாள். "நம்ம வரலாறு டீச்சர் அந்தக் காலத்துலயே இதைச் செஞ்சாங்கல்ல. உன் நோட்டு கண்டிப்பா பத்திரமா இருக்கும். கொண்டு வா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்போம்."

நோட்டு இருக்கிறது. அதோடு ஒரு சட்டையும் இருக்கிறது. அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருப்பது உங்களில் யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய மாதங்கள் நினைவிருக்கிறதா? ஆடிக் காற்று கொஞ்சமும் அடங்காமல் ஆவணி வரைக்கும் வீசிய வருடம். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டைப் பாறை தெரியும். கூடவே புழுதி வரும். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை வரும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் தெருவே அந்த வாடையில்தான் சோறு தின்றது என்பதால் எனக்கு அது வாடையாகவே தெரியவில்லை. வரலாறு டீச்சரும் மூக்கைப் பொத்தியதில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரு நாள் அவர் பாடத்தை நிறுத்திவிட்டு, பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய் என்று ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டார். நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். முப்பத்து மூன்று பேர் டீச்சர் என்றோம். ஆறு பேர் நர்ஸ். இரண்டு பேர் போலீஸ். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் "மாட்டு டாக்டர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "ஏன், எல்லாரும் டீச்சர்னே சொல்றீங்க?" என்றார்.

என் பெஞ்சுத் தோழிதான் சொன்னாள். "வேற எந்தப் பொம்பள வேலைக்குப் போயி நாங்க பாத்தோம் டீச்சர்? தெனம் பாக்குறது உங்களத்தான்."

அந்த ஒரு பதிலில் தொடங்கியது எல்லாம். அடுத்த மூன்று வாரங்கள் டீச்சர் பள்ளி விட்டதும் ஊரைச் சுற்றினார். தொலைபேசி நிலையம், வங்கி, தபால் நிலையம், கோர்ட்டில் தட்டச்சுப் பிரிவு, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று எங்கெல்லாம் ஒரு பெண் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறாளோ அங்கெல்லாம் போய்ப் பேசினார். இரண்டு இரண்டு பேராக ஆறு சனிக்கிழமை காலைகளில் போய் உட்கார்ந்து பார்த்துவர வேண்டும். வீட்டில் கையெழுத்து வாங்க ஒரு கடிதம் கொடுத்தார். சைக்ளோஸ்டைல் எடுத்த கடிதம், நீல மை, தொட்டால் விரலில் ஒட்டும். இடத்தின் பெயரைத் தனித்தனியாக எழுதச் சோம்பியோ நேரமில்லாமலோ, எல்லாருக்கும் ஒரே வாசகம்: "அரசு மற்றும் பொது அலுவலகங்களில் பயிற்சி." இந்த வாசகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தொலைபேசி நிலையத்துக்கு ஆசைப்பட்டேன். காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு "மதுரை, மதுரை" என்று கூப்பிட வேண்டும் என்று. ஆனால் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள்தான் ஜோடி. கால்நடை மருந்தகத்தை அவளைத் தவிர யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது, அவளோடு சேர்ந்து எனக்கும்.

அவள் முகம் உங்களில் பலருக்கு நினைவிருக்காது. வத்தலக்குண்டு சாலையில் ஒரு ஊரிலிருந்து எட்டு இருபது வண்டியில் வருவாள். வீட்டில் மல்லிகையும் கத்தரியும் போட்டிருந்தார்கள். விடியுமுன் பூப்பறித்துவிட்டு வருவதால் விரல் நுனியில் எப்போதும் பச்சைக் கறை இருக்கும். என் அத்தா பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், புறப்பட்ட நேரம் எழுதுவதுதான் அவர் வேலை. அதனால் எட்டு இருபது வண்டி எந்த நாள் எத்தனை நிமிடம் தாமதம் என்பது எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். நேரம் எழுதும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. அத்தா கட்டிப் பழசான கைக்கடிகாரத்தை, வாரில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டு நான் கட்டியிருந்தேன்.

டீச்சர் ஒவ்வொரு வாரமும் நோட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார். "நான் மட்டுந்தான் படிப்பேன். பாத்தத பாத்தபடி எழுதுங்க." முதல் சனிக்கிழமைக்கு முன்பே ஆறு பக்கங்களுக்கும் கோடு போட்டுவிட்டேன். சென்ற நேரம், திரும்பிய நேரம், அங்கே இருந்தவர்கள், கண்டவை.

மருந்தகம் ஊருக்கு வெளியே, ஒரு ஓட்டுக் கட்டடம். வாசலில் மாட்டை நிறுத்தக் குழாய்க் கம்பியில் ஒரு கூண்டு. உள்ளே டெட்டால், சாணி, ஈர ஆட்டு மயிர் மூன்றும் சேர்ந்த மணம். டாக்டரம்மா பழனிப் பக்கத்துக்காரர். சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கொண்டை, மொபெட். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடமே "டாக்டரு இல்லியாம்மா?" என்று கேட்பார்கள்.

"இன்னைக்கு வரலீங்க. நான்தான் இருக்கறேன். பரவாயில்லீங்களா?" என்று அவரும் முகம் மாறாமல் சொல்வார். கயிற்றைப் பிடித்தபடி அவர்கள் யோசிப்பார்கள். அதற்குள் ஊசி போட்டு முடித்திருப்பார்.

கம்பவுண்டர் ஒல்லியான மனிதர். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சட்டை மாட்டியிருப்பார். வெளிர் நீலம், மெல்லிய வெள்ளைக் கோடு, மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் பழுப்பு. முதல் வாரமே என் தோழி அது எதற்கு என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போறப்ப போடத்தான் தாயி. ஆட்டு நாத்தத்தோட போனா எம் பொண்டாட்டி வாசப்படி ஏறவிட மாட்டா. 'கெடாவெல்லாம் ஆட்டுக் கொட்டத்துக்குப் போ'ம்பா" என்றார்.

அவள் சிரித்த சிரிப்பில் கூண்டில் நின்ற எருமை திரும்பிப் பார்த்தது. நான் இதையும் எழுதினேன்.

நான்கு வாரங்கள் நான் சுவரோரம் நின்று எழுதினேன். அவள் நிற்கவே இல்லை. இரண்டாம் வாரம் வாளியைத் தூக்கினாள். மூன்றாம் வாரம் மாட்டின் வாயைப் பிளந்து பிடித்தாள். நான்காம் வாரம், கழிச்சல் கண்ட ஆட்டுக்கு என்ன மருந்து என்று டாக்டரம்மா கேட்க, கம்பவுண்டருக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பிளஸ் டூவில் என்னென்ன பாடம் எடுக்க வேண்டும், எந்த ஊர்க் கல்லூரி, எத்தனை வருடம் என்று எழுதிக் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அளவுகோல் எடுக்கக்கூட என்னை அந்தப் பெட்டியைத் திறக்க விடவில்லை.

"வீட்ல சொல்லிட்டியாடி?" என்று கேட்டேன்.

"எங்கப்பா, எம்மவ ஆபீஸுக்குப் போறான்னு டீக்கடையில சொல்லிட்டுத் திரியுறாரு. ஃபேன், மேசை, நாற்காலி எல்லாம் மனசுல அவரே போட்டு வச்சிருக்காரு. எதுக்குக் கெடுக்கணும்? லெட்டர்ல ஆபீஸுன்னுதான போட்டிருக்கு. பத்தாவது மார்க்க வாங்கிட்டுச் சொல்லிக்கிறேன். அப்ப ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு."

ஐந்தாம் சனிக்கிழமை. நோட்டு இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. பத்து இருபத்தைந்துக்கு ஒரு சினை ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் பிடித்த ஆடு. முதல் நாள் மாலையிலிருந்து முக்குகிறது, குட்டி வரவில்லை. டாக்டரம்மா முயன்றார். சிறிய ஆடு, அவர் கை உள்ளே போகவில்லை. கம்பவுண்டர் கையோ இன்னும் பெரிது. டாக்டரம்மா நிமிர்ந்து எங்கள் இருவர் கைகளையும் பார்த்தார். நான் நோட்டோடு கைகளைப் பின்னால் மறைத்தேன்.

"கண்ணு, நீங்க வாங்க. நகம் வெட்டியிருக்கறீங்களா? பயமா இருக்குதா?"

"இல்லீங்க டாக்டர்."

சோப்புப் போட்டுக் கழுவினாள். தரையில் உட்கார்ந்து ஆட்டின் பின்பக்கத்தைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவள் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவா. தலை தட்டுதா? முன்னங்கால் எங்க இருக்குது, தேடுங்க. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து, "ஒரு காலு மடிஞ்சு கெடக்கு டாக்டர். முட்டி தெரியுது," என்றாள். நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்தினாள். பதினொன்று இருபதுக்கு முதல் குட்டி. பதினொன்று முப்பத்து நான்குக்கு இரண்டாவது. பனிக்குட நீர் அவள் மேல்தான் கொட்டியது. குட்டியின் மூக்கைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து உதறி, அது கத்தியதும் அவளும் என்னமோ கத்தினாள்.

"ஏலே அப்பு," என்றார் கம்பவுண்டர் ஆட்டுக்காரரிடம். "அடுத்த தடவ டாக்டரு இல்லியான்னு கேப்பே? ரெண்டு பேரு இருக்காக பாத்துக்க."

அவள் யூனிஃபார்ம் முழுக்க ரத்தமும் சளியும் சாணியுமாக நனைந்திருந்தது. அப்படியே பஸ் ஏற முடியாது. கம்பவுண்டர் ஆணியிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினார். யூனிஃபார்முக்கு மேலே அதைப் போட்டு, கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, கை விரல் தெரியாமல் அவள் நின்றதைப் பார்த்து டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். பேருந்து நிலையம் வரும் வழியில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்து, என் இன்னொரு யூனிஃபார்மைக் கட்டிவிட்டு அனுப்பினார். சட்டையை அவள் தன் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. "நீ தொவைச்சு வச்சிரு, அடுத்த வாரம் குடுத்துருவோம்," என்றாள்.

போகும்போது திரும்பிக் கேட்டாள். "எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"டீச்சர் மட்டுந்தான படிப்பாக?"

"ஆமாடி."

திங்கட்கிழமை நோட்டுகளை டீச்சர் வாங்கிக்கொண்டார். புதன்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். இந்த ஏற்பாட்டின் பலனைப் பெற்றவர்களுக்குக் காட்ட வேண்டும், அப்போதுதான் தலைமையாசிரியை அடுத்த ஆண்டும் அனுமதிப்பார். நாற்பத்திரண்டு நோட்டுகளில் என்னுடையதே சிறந்தது. ஐந்தாம் வாரத்தை அப்படியே மேடையில் படிக்கப் போகிறேன், சரிதானே என்றார். சரி என்றேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டிக் கொண்டுவா என்று நோட்டை என்னிடமே கொடுத்தார்.

அந்த நோட்டு புதன் மாலை ஐந்து மணியிலிருந்து வியாழன் காலை ஒன்பது மணி வரை என் கையில் இருந்தது. உங்களுக்குத் தெரியாதது இதுதான்.

வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா அப்போது கம்பவுண்டரின் சட்டையைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சட்டையப் பத்தியுமா எழுதி வச்சிருக்க?" என்றார்.

"நடந்ததுதானம்மா."

"நடந்ததுதான். இல்லைங்கல. வெள்ளிக்கெழம ஊரே ஒக்காந்திருக்கும். வயசுக்கு வந்த புள்ள, ஆம்பளைக மூணு பேரு நின்னாக, ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்தான்னு மைக்குல படிச்சா அவ வீட்டாளுகளுக்கு எப்புடி இருக்கும்? அந்த ரெண்டு வரிய அடிச்சிரு."

நான் பேனாவை எடுத்தேன். ஐந்து பக்கங்களிலும் ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. பக்கத்தைக் கிழித்தால் பின்னாலிருக்கும் தாள் கழன்றுவிடும். அத்தாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"என் டிரிப் ஷீட்டு கூட இம்புட்டுச் சுத்தமா இருந்ததில்ல. இதுல போயி அடிக்கவா? அடிச்ச எடத்தத்தான் மொதல்ல பாப்பாக. உள்ளதத்தான எழுதியிருக்க. விடும்மா."

அம்மா சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். நான் பேனாவை மூடினேன். அத்தா சொன்னார் என்பதற்காக அல்ல. அவர் சொல்வதற்கு முன்பே, அந்தப் பக்கத்தில் ஒரு கோடு குறுக்கே கிடப்பதை நினைத்து எனக்கு மனசு வரவில்லை. அதற்காகத்தான் அவரிடம் நீட்டினேன்.

கூட்டம் உங்களுக்கும் நினைவிருக்கும். மேடையில் ஒரு வங்கி மேலாளர், தலைமையாசிரியை, கொர்ரென்று இரைந்த மைக். அவள் அப்பாவை வரலாறு டீச்சர் தனியாகச் சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தார். முன்வரிசையில் உட்காரவைத்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மடியில் ஈரத் துணி சுற்றிய ஒரு மல்லிகைப் பந்து, டீச்சருக்குக் கொடுக்க. அவர் ஊர்க்காரர்களும் பத்துப் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அந்த வண்டியில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்.

டீச்சர் நன்றாகப் படித்தார். குட்டி கத்திய இடத்தில் நிறுத்தி, கூட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அடுத்து, "அங்கே இருந்தவர்கள்: டாக்டர், கம்பவுண்டர், ஆட்டின் உரிமையாளர், அவர் தம்பி" என்ற வரி. அதற்கடுத்து, "என் பெஞ்சுத் தோழி கம்பவுண்டரின் சட்டையை அணிந்துகொண்டு பன்னிரண்டு பத்துக்கு என்னுடன் புறப்பட்டாள்."

பின்வரிசையில் யாரோ ஓர் அம்மா, "ஆத்தாடி, கட்டுன புருசன் சட்டையவே நாங்க போட்டதில்லையேடி!" என்றார். மண்டபம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. அவள் அப்பாகூடச் சிரித்தார். நான் பெயர் எழுதவில்லை அல்லவா? யார் வீட்டுப் பிள்ளையோ என்று அவர் நினைத்திருந்தார்.

டீச்சர் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார். "இந்தக் காரியத்தச் செஞ்ச பொண்ணு யார் தெரியுமா? எந்திரிம்மா." அவள் எழுந்திருக்கவில்லை. "கூச்சப்படாத, எந்திரி. அவங்க அப்பாவும் வந்திருக்காங்க. அய்யா, நீங்களும் எந்திரிங்க. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினோம். அவர் எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தெரியாதவர் போல. பிறகு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது நாற்காலியில் ஈரத் துணியும் பூவும் மட்டும் இருந்தன. அவர் பெருமையில் வாயடைத்துப் போனார் என்றுதான் டீச்சர் நினைத்தார். அன்று மாலை என்னிடமே அப்படிச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை, ஆறாவது. சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். திங்கட்கிழமையும் காத்திருந்தேன். அத்தா தன் டைம் கீப்பர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "வண்டி எட்டு பதினெட்டுக்கே வந்துருச்சும்மா. அந்தப் புள்ள எறங்கல," என்றார்.

புதன்கிழமை டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போனார். அவள் அப்பா கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் மட்டும் நின்றார்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீக டீச்சரு. கொற சொல்லல. ஆனா ஆபீஸுன்னு சொன்னீக. நானும் ஊரு பூரா ஆபீஸுன்னு சொல்லிட்டேன். இப்ப நான் தெருவுல வந்தா, 'என்னப்பா, ஆபீஸுல சட்டையெல்லாம் குடுக்குறாகளாமே'ங்கறான்."

"தப்பு என்மேலதாங்க. லெட்டர்ல தெளிவா எழுதியிருக்கணும். அதுக்காக அவ படிப்ப நிறுத்தாதீங்க. அவளால முடியும். டாக்டரே சொன்னாங்க."

"முடியும் டீச்சரு. எனக்குத் தெரியாதா? எங்க வீட்டு மாடு அவ கைக்குத்தான் பால் குடுக்கும்." தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "முந்தியே எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே கூட்டிட்டுப் போயி விட்டிருப்பேன். இப்ப ஊரு முன்னாடி எம்மவளும் பொய் சொன்னவளாயிட்டா, நானும் பொய் சொன்னவனாயிட்டேன். இனிமே எப்புடி அனுப்ப?"

அவள் உள்ளேதான் இருந்தாள். வெளியே வரவில்லை. திரும்பும் வண்டியில் டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "நீ எழுதுனது தப்பில்ல. நான் படிச்சதுதான் தப்பு," என்றார். கூட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை இரவு அம்மா சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை. மற்ற ஜோடிகளின் ஆறாவது சனிக்கிழமையோடு அந்த ஏற்பாடு முடிந்தது. அடுத்த ஆண்டு டீச்சர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். மருந்தகத்துக்கு நான் மறுபடி போகவில்லை. தனியாகப் போனால் அவள் எங்கே என்று டாக்டரம்மா கேட்பார்.

அவளை ஒரே ஒரு முறை பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில். எங்கள் புள்ளிவிவரத் துறையிலிருந்து வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் எடுக்கும் வேலை. ஒரு வீட்டு வாசலில் கடிகாரத்தைப் பார்த்து, படிவத்தில் தொடங்கிய நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் நேரம் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பியாடி?" என்று ஒரு குரல்.

தலை நரைத்திருந்தது. விரல் நுனியில் பச்சைக் கறை அப்படியே இருந்தது. இரண்டு பையன்கள், இருவரும் திருப்பூரில். வீட்டுக்காரர் தக்காளி லோடு ஏற்றிவிடப் போயிருக்கிறார். பத்தாம் கேள்விக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "ஏனுங்க அக்கா, வெள்ளாடு ஈனாம நிக்குதுங்க. சித்த வாங்க." அவள் என்னைப் பார்த்து, "இரு, போயிராத," என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்பது நிமிடம் கழித்துக் கையைக் கழுவிக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு. நல்லாருக்கு. ம், கேளு."

"தொழில்?"

"வீட்டு வேலைன்னு போடு."

"இது? இப்ப போயிட்டு வந்தியே?"

"காசு வாங்குனாத்தான தொழிலு? உன் ஃபாரத்துல அப்படித்தான இருக்கும்?"

அப்படித்தான் இருந்தது. கூலி பெறாத வேலைக்கு அதில் இடமில்லை. வீட்டு வேலைக்கு உரிய எண்ணைக் கட்டத்தில் எழுதினேன். அவள் குனிந்து, நான் எழுதுவதைப் பார்த்தாள்.

"கையெழுத்து அப்படியே இருக்கு," என்றாள். மோர் கொடுத்தாள். நான் கிளம்பும்போதுதான் கேட்டாள். "அந்தச் சட்டையக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"நல்ல வேள. பாவம், அந்தாளு வீட்டுக்குப் போறதுக்கு ஒரே சட்டதான் வச்சிருந்தாரு."

போன சனிக்கிழமை அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். இப்போது மாடிக் கட்டடம், வாசலில் டோக்கன். கவுண்டரில் இருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். டாக்டரம்மா ஓய்வு பெற்றுப் பழனிப் பக்கம் போய், அங்கேயே காலமாகிவிட்டாராம். கம்பவுண்டர்?

"நெறையப் பேரு இருந்திருப்பாக மேடம். பேரு சொல்லுங்க. பேரு இருந்தா பென்ஷன் வாங்குற எடத்துல கேட்டுச் சொல்றேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்து ஐந்து பக்கங்களையும் புரட்டினேன். அந்த மனிதர் எத்தனை மணிக்கு வந்தார், எந்தப் பொத்தான் பழுப்பு, மனைவி என்ன சொல்வாள், எல்லாம் இருந்தது. எல்லா இடத்திலும் 'கம்பவுண்டர்' என்றே எழுதியிருந்தேன். பெயரை நான் கேட்டதே இல்லை. ஆறாவது பக்கத்தில் கோடுகள் மட்டும் இருந்தன. சட்டையோடு திரும்பி வந்தேன்.

என் பதில் இது. கேள்விக்குறியை எடுத்துவிட்டு என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டைக் கொண்டுவர மாட்டேன், கண்ணாடிப் பெட்டிக்கு வேறு ஏதாவது பாருங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் படத்தோடு அறிக்கை எழுதிக் குழுவில் போட வேண்டும் என்ற விதியிலிருந்து என்னை விட்டுவிடச் சொல்லுங்கள். எனக்கு ஒதுக்கும் பிள்ளை எந்த ஊர், எந்த வண்டியில் வருவாள் என்பதை முதல் சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே எனக்குச் சொல்லிவிடுங்கள். அவள் அப்பாவின் பெயரையும்.